மாமனார் விட்டுச்சென்ற வின்செஸ்டரைத் தேய்த்துப் புதிதாக்கலாமா?

கேள்வி: பென்சில்வேனியாவில் இருக்கிறேன். கிரீன் கார்டு வந்து ஆறு வருடம் ஆகிறது. மனைவி இந்த நாட்டுக்காரர். அவருடைய அப்பா போன வருடம் காலமானார். அவர் மகளுக்கு விட்டுச்சென்ற இரண்டு வின்செஸ்டர் 94 ரைஃபிள்கள் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கின்றன. ஒன்று மிகப் பழையது. சீரியல் எண் 2,87,000 சொச்சம், பேரலில் '30 டபிள்யூ.சி.எஃப்.' என்று பொறித்திருக்கிறது. இன்னொன்றின் எண் நாற்பது லட்சத்தைத் தாண்டுகிறது. இரண்டிலும் துரு. பழையதன் கட்டையில் பள்ளங்கள், கருத்த கறை, யாரோ கத்தியால் கீறிய இரண்டு எழுத்துகள். இரண்டையும் ஒரே மாதிரி பளபளப்பாக்கி ஹாலில் ஜோடியாக மாட்ட ஆசை. உப்புத்தாள், பாலிஷ் சக்கரம், நீலமேற்றும் திரவம் எல்லாம் வாங்கிவிட்டேன். லீவர் ரைஃபிள்களைத் தொடர்ந்து சேகரிக்கவும் எண்ணம். கூட வேலை பார்க்கும் நண்பர் எச்-1பி விசாவில் இருக்கிறார், அவரும் ஒன்று கேட்கிறார், என் பெயரில் வாங்கித் தரலாமா? (இரண்டு ரைஃபிளும் காலிதான். லீவரை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டேன்.)

பதில்: நண்பருக்கு,

அடைப்புக்குறிக்குள் போட்ட கடைசி வரியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஒரு தடவை இழுத்துப் பார்த்தது போதாது. இந்த ரைஃபிளில் தோட்டாக்கள் பேரலுக்கு அடியில் ஓடும் குழாயில் ஒன்றன் பின் ஒன்றாகப் படுத்திருக்கும். முன்னாலிருந்து ஒரு ஸ்பிரிங் அவற்றைப் பின்னுக்குத் தள்ளும். வருடக்கணக்கில் மூலையில் கிடந்த துப்பாக்கியில் எண்ணெய் பிசினாகி, ஸ்பிரிங் பாதி வழியில் ஒட்டிக்கொண்டு நிற்பது சகஜம். நான்கு முறை இழுத்தாலும் ஒன்றும் வராது. ஐந்தாவது முறை மேசையில் லேசாக இடித்தால் தோட்டா வந்து நிற்கும். 'காலி' என்று சொல்லி என் பட்டறைக்கு வந்த ஒன்றின் குழாயிலிருந்து மூன்று தோட்டாக்களை எடுத்திருக்கிறேன். அதனால் முனையை ஆபத்தில்லாத பக்கம் திருப்பி, விரலை ட்ரிகரில் வைக்காமல் லீவரைப் பத்துப் பன்னிரண்டு முறை முழுதாக இழுங்கள். பிறகு லீவரைத் திறந்து வைத்து, டார்ச் அடித்துப் பேரலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையைக் கண்ணால் பாருங்கள். குழாயின் வாயையும் பாருங்கள். கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும் ஒரு கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுது பார்ப்பவர்) கொடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். அதுவரை மற்ற எதையும் தொட வேண்டாம்.

சரி, இப்போது ஜோடி விஷயம். உங்களிடம் இருப்பது ஜோடி இல்லை. பெயர் ஒன்று, உருவம் கிட்டத்தட்ட ஒன்று. மற்றபடி இரண்டும் வேறு வேறு பொருள்கள். ஒன்றுக்குச் செய்யக்கூடியதை இன்னொன்றுக்குச் செய்தால் கெடும்.

பழையது 1900களின் முதல் பத்தாண்டில் கனெக்டிகட் மாநிலம் நியூ ஹேவன் தொழிற்சாலையில் செய்தது. வடிவமைத்தவர் யூட்டாவைச் சேர்ந்த ஜான் பிரவுனிங். 1894-இல் கரும்பொடித் தோட்டாக்களோடுதான் இந்த மாடல் வந்தது. புகையில்லாப் பொடிக்குத் தாங்கும் நிக்கல் ஸ்டீல் பேரல் தயாராகி, 1895-இல் 30 டபிள்யூ.சி.எஃப். (வின்செஸ்டர் சென்டர் ஃபயர்) தோட்டா வந்தபிறகுதான் மான் வேட்டைக்காரர்கள் வீடு வீடாக வாங்கினார்கள். கடையில் கேட்டால் அந்தத் தோட்டாவை 30-30 என்பார்கள். இரண்டும் ஒன்றே, குழம்ப வேண்டாம். போட்டி நிறுவனமான மார்லினுக்குத் தன் துப்பாக்கியில் வின்செஸ்டர் பெயரைப் பொறிக்க மனம் வருமா? முப்பது கிரெய்ன் (ஒரு சின்ன எடை அளவு) பொடி என்ற கணக்கில் இன்னொரு முப்பதை ஒட்டிவிட்டார்கள், அதுவே நிலைத்துவிட்டது.

உங்கள் பேரலில் பின்பக்கம் உற்றுப் பாருங்கள். புகையில்லாப் பொடிக்கென்றே செய்த நிக்கல் ஸ்டீல் பேரல் என்று சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்க வேண்டும். அந்த எழுத்துகளின் ஆழம் தலைமுடி அளவுதான். பாலிஷ் சக்கரத்தை அதன்மேல் ஒரு நிமிடம் ஓட்டினால் எழுத்தின் ஓரங்கள் மழுங்கும், இரண்டாவது நிமிடத்தில் பாதி எழுத்து காணாமல் போகும். ஸ்க்ரூ துளைகளின் விளிம்பு சாய்ந்து சின்னக் குழியாகும். ரிசீவரின், அதாவது லீவர் இயக்கம் அடங்கிய நடு இரும்புப் பகுதியின், தட்டையான பக்கங்கள் ஜன்னல் கண்ணாடி மாதிரி நேராக இருந்தவை, அலை அலையாகும். சேகரிப்பாளர்கள் ஒரு ரைஃபிளை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பது இந்த மூன்றைத்தான். பித்தளைச் செம்பைப் புளி போட்டுத் தேய்த்துப் பழகிய கை நமக்கு, பளபளப்பைப் பார்த்தால்தான் சுத்தம் என்று தோன்றும். அந்தப் பழக்கத்தை இங்கே கொஞ்சம் ஓரம் கட்டுங்கள். 'புதிதாக்கிய' பழைய 94, துருவோடு கிடந்த பழைய 94-ஐ விடக் குறைவாகத்தான் போகும். விற்கப் போவதில்லை என்பீர்கள். இருந்தாலும், போன எழுத்து திரும்பாது.

இன்னொரு விஷயம். இந்தக் காலத்து ரைஃபிள்களில் ரிசீவரின் நீலம் செதில் செதிலாக உதிர்ந்து, அடியில் சாம்பல்பழுப்பு தெரிவது வழக்கம். பேரலில் நீலம் நன்றாக இருக்க, ரிசீவர் மட்டும் திட்டுத் திட்டாக இருந்தால் அதைக் குறை என்று நினைக்காதீர்கள். யாரும் கை வைக்கவில்லை என்பதற்கு அதுவே நல்ல சாட்சி.

நீலம் என்றால் என்ன என்று தெரிந்துகொண்டால் பாதிப் பிசகு வராது. அதுவும் துருதான். இரும்பின் செந்துரு வேறு ஆக்சைடு, கருநீலத் துரு வேறு ஆக்சைடு, அவ்வளவே வித்தியாசம். செந்துரு உப்பிப் பெயர்ந்து இரும்பைத் தின்னும். கருநீலம் மெல்லிய போர்வையாக ஒட்டிக்கொண்டு எண்ணெயைப் பிடித்து வைக்கும். கடையில் விற்கிற துரு நீக்கும் அமிலத்துக்கும் வினிகருக்கும் இந்த வித்தியாசம் தெரியாது. இரண்டையும் சேர்த்தே கரைக்கும். ராத்திரி ஊறப்போட்டுவிட்டுக் காலையில் வந்து பார்த்தால் வெள்ளை இரும்பு கையில் இருக்கும்.

அப்படியானால் பழையதற்கு என்ன செய்வது? நல்ல மெல்லிய எண்ணெய் தடவி ஒரு நாள் விடுங்கள். மறுநாள் துணியால் துடைத்தால் பழுப்புச் சாறு வரும். மறுபடி எண்ணெய். மூன்று நான்கு முறைக்குப் பிறகும் பிடிவாதமாக நிற்கிற செந்துருப் புள்ளிகளை வெண்கலப் பஞ்சாலோ, நான்கு சுழி போட்ட மிக நைசான இரும்புப் பஞ்சாலோ எண்ணெய்க்குள்ளேயே தேயுங்கள். விரல் நுனி அழுத்தம் போதும். பாத்திரம் தேய்க்கிற கம்பி நார் பக்கமே போகாதீர்கள். கொஞ்சம் தேய்த்ததும் துணியில் வரும் நிறத்தைக் கவனியுங்கள். பழுப்பாக வருகிறவரை துரு, கருப்பாக வர ஆரம்பித்தால் நீலம் போகிறது. அங்கே நிறுத்துங்கள்.

பேரலில் செந்துரு படர்ந்து பரவியிருந்தால் எனக்குப் பிடித்த வழி ஒன்று உண்டு. கொதிநீர். பேரலைத் தனியாகக் கழற்றி, எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இல்லாமல் கழுவி, நீளமான தொட்டியில் காய்ச்சி வடித்த நீரை நன்றாகக் கொதிக்கவிட்டு உள்ளே இறக்குவேன். பத்து நிமிடத்தில் செங்கல் நிறத் திட்டு அரக்காகும், அரக்கு கருப்பாகும். இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் வெல்வெட் துணி போர்த்தியது போல ஒரு கருமை. எடுத்ததும் சூட்டிலேயே நீர் ஆவியாகிவிடும். எண்ணெய் நீக்கிய நைஸ் பஞ்சால் அந்தப் பொடியை மெல்லத் துடைத்தால் அடியில் நீலம் தெரியும். துருவைச் சுரண்டவில்லை, நல்ல துருவாக மாற்றிவிட்டோம். முன்னாளில் பேரல்களுக்கு நீலமேற்றியதும் இதே தத்துவத்தில்தான். வேண்டுமென்றே துருப்பிடிக்க வைத்துக் கொதிக்க வைப்பார்கள், துடைப்பார்கள், மறுபடி துருப்பிடிக்க வைப்பார்கள். ஆனால் பேரல் கழற்றுவது வீட்டு வேலை இல்லை. வைஸில் வைத்து முறுக்கும்போது ரிசீவர் கோணிக்கொண்ட கதைகள் நிறைய உண்டு. இதை மட்டும் பட்டறைக்கு விடுங்கள். வேறு மாநிலத்துப் பட்டறை என்றாலும் உரிமம் பெற்றவருக்கு அனுப்பலாம். வேலை முடிந்ததும் அவர் நேராக உங்கள் வீட்டுக்கே திருப்பி அனுப்பவும் சட்டம் இடம் கொடுக்கிறது.

கழற்றுவது என்றதும் ஸ்க்ரூ ஞாபகம் வருகிறது. சாதாரண ஸ்க்ரூட்ரைவரின் நுனி ஆப்பு மாதிரி சரிந்திருக்கும். பழைய வின்செஸ்டர் ஸ்க்ரூக்களின் வெட்டு ஒடுங்கியது, பக்கங்கள் நேரானவை. ஆப்பு நுனி அடிவரை இறங்காமல் மேல் விளிம்பில் மட்டும் பிடிக்கும், திருகினால் வழுக்கி விளிம்பைக் கிழிக்கும். துப்பாக்கி வேலைக்கென்று நுனி இணையாகத் தேய்த்த ஸ்க்ரூட்ரைவர்கள் விற்கிறார்கள். வெட்டுக்குள் ஆடாமல் உட்காருகிற அளவைத் தேர்ந்தெடுங்கள். திரும்பாவிட்டால் ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு நாள் பொறுங்கள். பிறகும் அசையாவிட்டால் சால்டரிங் அயர்ன் நுனியை ஸ்க்ரூத் தலையில் வைத்துச் சூடாக்குங்கள். நூறு வருடம் இறுகிக் கிடந்தது, நமக்கு ஒரு வாரம் பொறுக்க முடியாதா?

மரத்துக்கு வருகிறேன். உப்புத்தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கட்டை ரிசீவரைச் சந்திக்கிற இடத்தில் கட்டைவிரல் நகத்தை மரத்திலிருந்து இரும்புப் பக்கம் ஓட்டிப் பாருங்கள். ஒரு நூல் அளவு படி இறங்குவது தெரியும். மரம் இரும்பைவிட அவ்வளவு உயரமாக நிற்க வேண்டும், தொழிற்சாலையில் அப்படித்தான் பொருத்தினார்கள். உப்புத்தாள் போட்டால் முதலில் போவது அந்தப் படி. பிறகு மரம் இரும்புக்குக் கீழே இறங்கும். நகம் ஏறி இடித்தால், யாரோ தேய்த்திருக்கிறார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம்.

பள்ளங்களுக்கு ஆவி போதும். பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து, இரண்டாக மடித்துப் பள்ளத்தின்மேல் வைத்து, சூடான இஸ்திரிப் பெட்டியின் மூக்கால் தொடுங்கள். சுர்ரென்று ஆவி கிளம்பி மரத்துக்குள் இறங்கும். நசுங்கிய நார்கள் நீர் குடித்து எழும்பும். ஐந்தாறு முறையில் காசு அகலப் பள்ளம் நிழலாகச் சுருங்கிவிடும். நார் அறுபட்ட இடம், அதாவது கீறலும் வெட்டும், இதற்கு எழாது. ஆவி பட்ட இடத்தில் பழைய பூச்சு வெளிறக்கூடும். அதனால் பழைய ரைஃபிளில் கண்ணை உறுத்துகிற ஒன்றிரண்டு பள்ளத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கருத்த கறை ரிசீவருக்குப் பின்னால்தானே? அது அழுக்கு இல்லை, எண்ணெய். துப்பாக்கியைச் சுவரில் நிமிர்த்திச் சாய்த்து வைத்தால் உள்ளே விட்ட எண்ணெய் எல்லாம் சொட்டுச் சொட்டாக இறங்கி மரத்தில் ஊறும். மரம் மென்மையாகி, பிடிக்குப் பக்கத்தில் விரியும். அங்கே முடி போல ஒரு விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள், 94-களுக்கு அது பரம்பரை நோய். அசிட்டோனில் சுண்ணாம்புக்கல் பவுடரைக் குழைத்து அப்பினால் காயும்போது எண்ணெயை உறிஞ்சும், பவுடர் மஞ்சளாகும். உதறிவிட்டு மறுபடி அப்ப வேண்டும். ஏழெட்டு முறைகூட ஆகலாம். ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்பு, தீப்பொறி எதுவும் இல்லாத இடத்தில் செய்யுங்கள். இது பழைய பூச்சையும் கரைக்கும் என்பதால், பூச்சு நன்றாக இருக்கிற இடத்தில் படாமல் கட்டையைக் கழற்றி உட்பக்கத்திலிருந்து செய்வது உத்தமம். இனிமேல் முனை கீழே இருக்கும்படி வையுங்கள். முடிவில் இரும்புக்கும் மரத்துக்கும் சேர்த்து மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு ஒரு பூச்சு. அருங்காட்சியகங்களில் பயன்படுத்துவதும் இந்த வகைதான். விரல் ரேகையின் உப்பைத் தடுக்கும்.

இப்போது இரண்டாவது ரைஃபிள். நாற்பது லட்சம் என்றால் 1970களில் செய்தது. 1964-இல் வின்செஸ்டர் செலவைக் குறைக்க மாடலின் உள்ளும் புறமும் நிறைய மாற்றியது. அந்த வருடத்துக்குப் பிந்தையவற்றின் எண்கள் 27,00,000-இலிருந்து ஆரம்பிக்கும். சேகரிப்பாளர்கள் '64-க்கு முன்' என்று மூச்சுக்கு ஒரு தரம் சொல்வது இதனால்தான். கொஞ்சம் அதிகமாகவே சொல்கிறார்கள் என்பது என் கருத்து. சுடுவதில் பிந்தையவை ஒன்றும் சோடை இல்லை. உங்கள் கை அரிப்பை எல்லாம் இதில் தீர்த்துக்கொள்ளலாம். கட்டையைத் தேய்த்துப் புது எண்ணெய்ப் பூச்சு கொடுங்கள், பேரலுக்குப் புதிதாக நீலமேற்றுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள்.

ரிசீவரை மட்டும் விட்டுவிடுங்கள். 1964-க்குப் பிறகு 1980களின் தொடக்கம் வரை ரிசீவருக்கு வேறு உலோகக் கலவை வந்தது. அது வழக்கமான நீலத்தை ஏற்காது. அதனால் உங்களுடையது போன்ற 1970களின் ரைஃபிள்களில் மேலே மெல்லிய இரும்பு முலாம் பூசி, அந்த முலாமுக்குத்தான் நீலமேற்றினார்கள். பாலிஷ் செய்தால் முலாம் போய்விடும். தொழிலுக்கு வந்த புதிதில் எனக்கு இது தெரியாது. வாடிக்கையாளர் ஒருவருடைய 94-ஐ அக்கறையாக மெருகேற்றி, நீலமேற்றும் கொதி உப்புத் தொட்டியில் இறக்கினேன். பேரல் மை மாதிரி கருப்பாக வந்தது. ரிசீவர் கத்தரிப்பூ நிறத்தில் வந்தது, அதுவும் திட்டுத் திட்டாக. மறுபடி இறக்கினேன், இன்னும் சிவந்தது. அவர் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. கூலி வாங்காமல், இன்னொருவரிடம் முலாம் போட அனுப்பி, செலவை நானே ஏற்றுக்கொண்டேன். உங்கள் பாட்டிலில் இருக்கிற குளிர்நீலத் திரவமும் அந்த உலோகத்தில் சரியாகப் பிடிக்காது. துருவை எண்ணெயால் எடுத்து, இருக்கிற நிறத்தோடு விடுங்கள். ஒரே நிறம் வேண்டும் என்றால் மறுபடி இரும்பு முலாம் போட்டு நீலமேற்றுபவரைத் தேடுங்கள், அல்லது சூளையில் வேகவைக்கும் கருப்புப் பூச்சு. கூலி ரைஃபிளின் விலையை எட்டிவிடும் என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

சேகரிப்பு பற்றி ஒன்றிரண்டு வார்த்தை. நினைவுப் பதிப்புகளில் ஆரம்பிக்காதீர்கள். 1966-இல் நிறுவனத்தின் நூற்றாண்டுக்கு என்று வந்த தங்க நிற ரிசீவர் 94 மட்டுமே ஒரு லட்சத்துக்கு மேல் செய்தார்கள். எல்லோரும் பெட்டியோடு பத்திரப்படுத்திவிட்டதால் அபூர்வம் என்ற பேச்சுக்கே இடமில்லை. மார்லின் 336, சாவேஜ் 99 என்ற இரண்டு லீவர் ரைஃபிள்களையும் கையில் எடுத்துப் பாருங்கள். சாவேஜில் குழாயே கிடையாது, தோட்டாக்கள் ராட்டினம் போலச் சுழலும் மேகசினில் உட்காரும், எத்தனை மிச்சம் என்று பக்கத்துத் துளையில் எண் தெரியும். பழைய சாவேஜ் ஒன்றின் லீவரை இழுத்துப் பார்த்தால் நான் ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்று புரியும். ஐம்பது வருடத்துக்கு மேற்பட்டவற்றை வாங்கிச் சேர்க்க நினைப்பவர்களுக்கு மத்திய அரசு தனி உரிமம் தருகிறது. மூன்று வருடத்துக்கு 30 டாலர்.

நண்பர் விஷயத்தில் பதில் சுருக்கம்: கூடாது. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதே மத்திய சட்டப்படி பொதுவாகக் குற்றம். மாநிலம் முறைப்படி கொடுத்த வேட்டை உரிமம் கையில் இருந்தால் விலக்கு உண்டு. ஆனால் அப்போதும் அவர்தான் தன் பெயரில் கடையில் படிவம் நிரப்பி வாங்க வேண்டும். அவருடைய பணத்தில், அவருக்காக, நீங்கள் கடையில் தரும் அந்த 4473 படிவத்தில் 'நானே வாங்குகிறேன்' என்று கையெழுத்திட்டால் அது பொய் வாக்குமூலம், சிறைவரை போகும். உங்கள் கிரீன் கார்டும் அதோடு ஆடும். நட்புக்காகச் செய்கிற காரியம் இல்லை இது.

பழைய ரைஃபிளைச் சுட வேண்டும் என்றால், முதலில் ஒரு கன்ஸ்மித் அறையின் இடைவெளியை அளந்து சரி என்று சொல்லட்டும். குழாய் மேகசினில் கூர்முனைத் தோட்டா போடக்கூடாது, முன்னால் இருப்பதன் ப்ரைமரில் (தோட்டாவின் அடியில் தீப்பற்ற வைக்கும் பகுதி) பின்னால் இருப்பதன் முனை அழுத்தும். தட்டை முனை, அல்லது இதற்கென்றே வருகிற மென்முனை மட்டும்.

கடைசியாக, அந்த இரண்டு எழுத்துகள். வயோமிங் மாநிலம் கோடி ஊரில் உள்ள பஃபலோ பில் மையத்தில் வின்செஸ்டரின் பழைய பேரேடுகள் இருக்கின்றன. 1894 மாடலுக்கு 3,53,999 வரை பதிவு உண்டு, உங்கள் எண் அதற்குள் வருகிறது. கட்டணம் கட்டி எழுதினால், உங்கள் ரைஃபிள் எந்த உருவத்தில் கிடங்குக்கு வந்தது, எந்தத் தேதியில் வெளியே போனது என்று கடிதம் தருவார்கள். வாங்கியவர் பெயரை அந்தப் பேரேட்டில் எதிர்பார்க்காதீர்கள். உங்கள் மாமனார் பிறக்கும் முன்பே அந்த ரைஃபிள் யாரோ ஒருவர் கையில் இருந்திருக்கிறது. கட்டையில் கீறியவை மாமனார் பெயரின் முதலெழுத்துகளா, வேறு யாருடையவையா என்று நீங்கள் எழுதவில்லை. மாமியார் இருக்கிறார் என்றால், ரைஃபிளை எடுத்துக்கொண்டு போய் அந்த இடத்தைக் காட்டிக் கேட்டுவிட்டு வாருங்கள். அவர் சொல்கிற பெயரை ஒரு தாளில் எழுதி, கோடியிலிருந்து வரும் கடிதத்தோடு சேர்த்து வையுங்கள்.